அன்பினாலும் பாசத்தினாலும்

குதிகாலில் கிளம்பின வலி இடுப்புக்கு வந்து ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது, பதினோரு வருஷமாய் ரைஸ்மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் உழுது உழுது காயவைத்த வலி, சிமெண்டுச் சூடு பாதத்தைத் தின்று எலும்புக்குள் போய்விட்ட வலி, இதற்கு எந்தப் பத்திரத்தில் இடம் இருக்கிறது… ஆதிலட்சுமி உத்திரமேரூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சியில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காவாந்தண்டலத்தில் பஸ் ஏறுமுன் குடித்த நீராகாரம்தான் வயிற்றில். எதிரே தம்பி வரதன் நாஷ்டா முடித்துப் பல்லைக் குத்திக்கொண்டு நின்றான், அதுவும் அவள் காசுதான். செத்துப்போன அம்மா பேரில் ஒரு ஓட்டு வீடு, இவளுக்குப் பாதி அவனுக்குப் பாதி, அவன் பாதியை அவளுக்கே இரண்டாயிரத்துக்கு விற்கிறான், வெளியாளுக்குக் கொடுத்துடுவேன் கொடுத்துடுவேன் என்று மிரட்டியே ஏற்றின விலை. கம்மல் போயிற்று, கறவை போயிற்று, ஆயிரத்து அறுநூறு அவன் கைக்குப் போயாயிற்று. மீதி நானூறு இடுப்புச் சுருக்குப் பையில் வலிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, ரிஜிஸ்தர் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் எண்ணித் தருவதாய்ப் பேச்சு.

கிரயம் என்று எழுதினால் முத்திரைத்தாளும் ஃபீசுமாய் இருநூறுக்கு மேல் ஆகும் என்று போன வாரமே சொல்லியிருந்தார் பத்திரம் எழுதுகிற மணவாளன். இருநூறா? இரண்டு மாசக் கூலியாச்சே, கவர்மெண்டு எந்தக் களத்தில் இறங்கி உழுதது? அவரே வழியும் சொன்னார், கூடப் பிறந்தவர்கள், ஒரே சொத்தில் பாத்தியதை உள்ளவர்கள், தம்பி தன் பாகத்தை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிவிட்டால் செலவு கால்வாசி, சட்டமே விட்டுவைத்த சந்து, நுழைந்து போனால் ஒரு பயல் கேட்க முடியாது, ஆனால் பணப் பேச்சு மட்டும் உள்ளே வரக் கூடாது. சந்தோஷமாய்த்தான் தலையாட்டினாள். அப்புறம் எழுதினதைப் படித்துக் காட்டினாரே, அங்கேதான் பற்றிக்கொண்டது. 'எனது மூத்த சகோதரியிடம் எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும், யாதொரு பிரதிபிரயோஜனமும் பெறாமல், மனப்பூர்வமாய்…' எவனுடைய பாசம்? அம்மா ஆறு மாசம் படுத்த படுக்கையாய்க் கிடக்கையில், பீ மூத்திரம் அள்ளிவிட்டுக் கை கழுவ நேரமில்லாமல் இவள் களத்துக்கு ஓடுகையில், இந்தப் பாசம் செங்கல்பட்டு லாரி ஷெட்டில் எந்த டயருக்கு அடியில் படுத்துக் கிடந்தது? இவள் தாலி அறுத்த அன்றைக்குக் கோடிப் புடவையோடு வர வேண்டியவன், பஸ் கிடைக்கவில்லை என்று மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்தான். களத்தில் கூட வேலை செய்கிற தாயாரம்மாள் நேற்றே கேட்டாளே, தம்பி சும்மாவே வுட்டுக் குடுக்குறானாமே, குடுத்து வெச்சவடி நீ என்று… ஊரெல்லாம் அதற்குள் சொல்லி முடித்திருக்கிறான். கம்மல் இல்லாத காது தாயாரம்மாளுக்குத் தெரியவில்லையா? தெரியாது, இனி யாருக்கும் தெரியாது, அவள் செத்த பிறகும் இந்தத் தாள் இருக்கும், அவன் பாசத்தைச் சொல்லிக்கொண்டு. இதில் அவன் கிட்டே வந்து குனிந்து பேசுகிறான்.

"நூத்தம்பது மிச்சம் ஆச்சிக்கா. என் பாசத்தாலதான மிச்சம்? அதுல பாதி எனுக்கு."

"உன் பாசம் இன்னா ரேட்டுடா, கிலோவா படியா?"

மணவாளன் சிரித்துவிட்டார், வரதனும் சிரித்தான், அவள் சுருக்குப் பையை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். ரிஜிஸ்தரார் தலை நிமிராமல் கேட்டார், பணம் ஏதாவது வாங்கினாயா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா. "இல்லீங்க, எங்க அக்கா கஷ்டப்பட்டுக்கினு கீது, நானா மனசாரக் குடுக்கறேங்க" என்றான் வரதன், கண்ணில் ஈரம்கூட வந்தது, எங்கே கற்றான் இதை. கையெழுத்துப் போட்டான், கட்டை விரலை மையில் ஒற்றிப் பதித்தான். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, வாங்குகிறவள் சும்மா நின்றால் போதுமாம். ஆயிரத்து அறுநூறும் அந்த மேஜை மேலேயே ஆவியாகிப் போனதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் மை காயாத கையை நீட்டினான். "நானூற எடுக்கா, செங்கல்பட்டு வண்டி வந்துடும்." அவள் கை சுருக்குப் பைக்குப் போனது, முடிச்சில் நின்றது. எந்த நானூறு? சர்க்கார் முன்னால் ஒன்றும் வாங்கவில்லை என்று மை வைத்துச் சொல்லிவிட்டு வந்தவன்தானே இவன்? ஆயிரத்து அறுநூறை விழுங்கின தாள் இந்த நானூறையும் விழுங்காதா? கொடுக்காவிட்டால் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பான், பாசத்துக்குப் பாக்கி என்று கேட்பானா… "இன்னாக்கா, சீக்கிரம்" என்றான், குரலில் முதல் தடவையாய் ஒரு நடுக்கம், இத்தனை வருஷத்தில் அவன் அவள் முகத்தைப் பார்த்துக் காத்து நின்றது இதுதான் முதல். அது அவளுக்குப் பிடித்திருந்தது, பிடித்ததை நினைத்துக் கோபம் இன்னும் ஏறியது, அவன் மேலா தன் மேலா தெரியவில்லை. வண்டி வந்து புழுதியோடு நின்றது. முடிச்சை அவள் அவிழ்க்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. தாளில் எழுதாவிட்டால் என்ன, வரதனுக்கு அவள் இன்னும் நானூறு ரூபாய் தர வேண்டும்.