மலைக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரை

மணிக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, சுஜாதா அவரை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. தண்ணீர் கேனைத் தூக்கக் கூடாது. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகக் கூடாது. பஸ்ஸிலிருந்து இறங்கி மத்திகிரி வீட்டுக்கு நடந்தே வருகிறவர் இனி ஆட்டோவில்தான் வர வேண்டும். ஓசூரில் ஒரு இரும்பு வார்ப்பாலையில் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றச் சொல்லி, மேலாளர் வீடுவரை போய்க் கேட்டதும் அவள்தான். குளிக்கப் போனால் பாத்ரூம் கதவைத் தாழ்போடக்கூட விடமாட்டாள்.

ஒரு வருஷத்தில் உடம்பு தேறியது. முகம் தேறவில்லை. முன்பெல்லாம் லீவு நாளில் கிருஷ்ணகிரி கோட்டை மலையில் ஏறி இறங்கி, கீழே ஏதாவது ஓட்டலில் தோசை சாப்பிட்டுவிட்டு, சட்டையெல்லாம் வியர்வையோடு சிரித்துக்கொண்டு வருவார். இப்போது டிவி முன்னால் உட்கார்ந்து சேனலை மாற்றிக்கொண்டே இருந்தார். எதையும் பார்க்கவில்லை.

பெங்களூரில் வேலை செய்யும் மகள் ஜெயப்ரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இதைப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு. வேணாம், முடியாதுன்னு எதுவும் சொல்லாத."

"அவரை வச்சிக்கினு அவ்ளோ தூரமா? உனக்கு இன்னா பைத்தியமா?"

"டாக்டரைக் கேட்டுப் பாரு. அவர் வேணாம்னா கேன்சல் பண்ணிடறேன்."

சுஜாதா கேட்டாள். டாக்டர் சிரித்தார். "தாராளமா போகலாம்மா. நடக்கலாம், மலை ஏறலாம், கடல்ல குளிக்கலாம். மூச்சு வாங்கினா கொஞ்சம் உக்காரட்டும். வலி வந்தா மட்டும் இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில வைங்க." அவர் சொன்னதில் கடைசி வரி மட்டும்தான் சுஜாதாவின் காதில் நின்றது. மாத்திரையைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

பெங்களூர் தேவனஹள்ளியில் விமானம் ஏறி போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் ஒரு சின்னத் தீவுக்குப் போனார்கள். தங்கும் விடுதியை நடத்தியவள் பேச்சியம்மாள். தென்காசிப் பக்கமிருந்து எப்போதோ வந்து அங்கேயே வேர் விட்ட குடும்பம். தென்னந்தோப்புக்கு நடுவே நாலைந்து அறைகள், பின்னால் சமையல் கொட்டகை, முன்னால் கடல். தண்ணீர் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில் இருந்தது. மணி முழங்கால்வரை இறங்கி நின்றார். அதற்கு மேல் போகவிடாமல் சுஜாதா கரையில் நின்று காவல் காத்தாள்.

மறுநாள் மாலை, சாப்பாட்டு மேசையில் பேச்சியம்மாள்தான் பேச்சை எடுத்தாள்.

"இந்தக் காட்டுப் பாதையில ஏறி அந்தப் பக்கம் இறங்குனா ஒரு கடற்கரை இருக்கு, அண்ணாச்சி. அவ்வளவு அழகா இருக்கும். மலை உச்சியில நின்னா ரெண்டு பக்கமும் கடல் தெரியும். திரும்ப நடக்க முடியலன்னா எங்க நல்லுசாமி மத்தியானம் மீன் எடுக்க அங்க படகு கொண்டு வருவான், அதுல ஏறிட்டு வந்துரலாம்."

மணியின் முகத்தில் ஒரு வருஷமாகக் காணாத ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. "நாளைக்குக் காத்தால போலாமா சுஜா?"

"இன்னா பேச்சு பேசறீங்க? மலையாம் மலை. இங்கயே உக்காந்து பாத்தா கடல் தெரியாதா?"

"ஏறலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டருக்கு இன்னா? சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாரு. அன்னிக்கு ராத்திரி உங்களை ஆட்டோல தூக்கிப் போட்டுக்கினு போனது அவரா, நானா?"

மணி தட்டைத் தள்ளி வைத்தார். "என்னைக் காப்பாத்திட்ட. சரி. எதுக்குக் காப்பாத்தின? இப்பிடி உக்கார வச்சிப் பாத்துக்கினு இருக்கறதுக்கா?"

சுஜாதா தட்டுகளை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாள்.

காலையில் சுஜாதா தலைக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அறையில் அவர் இல்லை. கடற்கரையிலும் இல்லை. கொட்டகையில் பேச்சியம்மாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி அப்பமே கெளம்பிட்டாவளே. தண்ணி பாட்டில் வாங்கிட்டு, மலைப் பாதை எதுன்னு கேட்டாவ. நீங்க பின்னால வாறீங்கன்னு சொன்னாவ."

சுஜாதா அறைக்கு ஓடினாள். கைப்பை கட்டிலின் மேல் கிடந்தது. ஜிப்பைத் திறந்தாள். மாத்திரை அதற்குள்ளேயே இருந்தது.

ஈரத் தலையை அப்படியே முடிந்துகொண்டு, மாத்திரையும் போனும் இருந்த கைப்பையைத் தோளில் மாட்டி, வீட்டில் போடுகிற அதே செருப்போடு கிளம்பிவிட்டாள். தென்னந்தோப்பு முடிந்த இடத்தில் காடு தொடங்கியது. நாலு பேர் கை கோத்தாலும் அடங்காத மரங்கள். பாதை முழுக்க வேர்கள். முந்தின நாள் மழையில் மண் வழுக்கியது. சில்வண்டுகளின் இரைச்சலில் அவள் கூப்பிட்ட குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள். ஒவ்வொரு மரத்தடியிலும் பார்த்தாள். வேர் எல்லாம் யாரோ விழுந்து கிடப்பது போலத் தெரிந்தது.

எதிரே ஓர் இளம் தம்பதி இறங்கி வந்தார்கள். அவர்களுக்குள் தெலுங்கு பேசுவது காதில் விழுந்ததும் சுஜாதாவுக்கு உயிர் வந்தது. மத்திகிரியில் பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் தெலுங்குதான். நீலச் சட்டை போட்ட ஒருத்தரைப் பார்த்தீர்களா என்று அவர்கள் மொழியிலேயே கேட்டாள்.

"பார்த்தோம் அக்கா," என்றாள் அந்தப் பெண். "மேலே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். என்ன ஆச்சு என்று கேட்டோம். பேசவில்லை. கையை மட்டும் காட்டினார்."

அதற்கு மேல் அவள் என்ன சொன்னாள் என்று சுஜாதாவுக்குத் தெரியாது. ஓட ஆரம்பித்திருந்தாள். நேற்று நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, கூடவே வந்திருக்கலாம், கூட வந்திருந்தால் மாத்திரையாவது இருந்திருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு வளைவில் செருப்பு வேரில் மாட்டியது. கால் மடங்கி, பக்கவாட்டில் விழுந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். கணுக்காலில் சுருக்கென்று வலித்தது. சேற்றில் உட்கார்ந்தபடியே தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏங்க!"

மேலேயிருந்து பதில் வந்தது. "சுஜா? சுஜா, நீயா?"

அடுத்த நொடி இலைகளை விலக்கிக்கொண்டு நீலச் சட்டை தெரிந்தது. மணி சரிவில் தாவித் தாவி இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"ஓடாதீங்க!" என்று சுஜாதா அலறினாள். "ஐயோ, ஓடாதீங்க! மெல்ல வாங்க!"

அவர் கேட்கவில்லை. வந்த வேகத்தில் அவள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, காலைப் பிடித்துப் பார்த்தார். "எங்க வலிக்குது? விரலை ஆட்டு. ஆடுதா? அப்ப உடையல. சுளுக்கு."

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு இன்னா ஆச்சு? கேட்டா பேச மாட்டேன்றாருன்னு சொன்னாங்களே?"

மணி சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. அவள் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"பாதி மலை ஏறினதும் நெஞ்சு படபடன்னு அடிச்சிது. பயந்துட்டேன். உக்காந்து நாடியைப் பிடிச்சிப் பாத்துக்கினு இருந்தேன். அந்தப் பசங்க நடுவுல வந்து பேசறாங்க. கொஞ்சம் இருங்கன்னு கையைக் காட்டினேன்."

"வலி?"

"வலியே இல்ல சுஜா. ஏறினா அடிக்கத்தானே செய்யும்? கொஞ்ச நேரத்துல தன்னால அடங்கிடுச்சி. அதுக்கப்புறம் எழுந்திருக்கத் தோணல, அப்பிடியே உக்காந்துட்டேன்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீ மட்டும்தான் பயந்தேன்னு நினைச்சிக்கினு இருக்கற. ஒரு வருஷமா படி ஏறினா பயம், இருமினா பயம். வெளிய சொன்னா நீ இன்னும் பயப்படுவேன்னு சொல்லல. உன்மேல கோவிச்சிக்கினேனே தவிர, நீ வேணாம்னு சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள்ள கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துது."

சுஜாதா அவரைப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை ஓடியது. மூச்சு வாங்கியது. கையை நீட்டி அவர் நெஞ்சில் வைத்தாள். உள்ளே வேகமாக அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. பிறகு சீராக, ஒரே நடையில் போனது. சரிவில் அவ்வளவு வேகமாக ஓடி வந்த மனுஷனின் நெஞ்சு. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தில் சேறு அப்பிக்கொள்வதைக்கூடக் கவனிக்காமல் அழுதாள். அழுது முடித்ததும் யாரோ தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"சரி, எந்திரி. மெல்லக் கீழ போயிடலாம்," என்றார் மணி.

"கீழ எத்தினி தூரம்?"

"நீ வந்த தூரம்தான். உச்சி பக்கத்துலதான் இருக்குது போல. அதை வுடு, உன் கால்..."

"அந்தப் பக்கம்தானே படகு வரும்? மேலயே போலாம்."

மணி அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஒரு கிளையை ஒடித்து ஊன்றுகோலாகக் கொடுத்தார். இன்னொரு பக்கம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் நொண்டி நொண்டி ஏறினாள். இடையிடையே நின்றார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவளுக்குத்தான் அதிகம் வாங்கியது.

"ஆட்டோ சொல்லட்டுமா?" என்றார் மணி.

"வாயை மூடிக்கினு ஏறுங்க," என்றாள். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உச்சியில் மரங்கள் விலகின. இடது பக்கம் அவர்கள் தங்கியிருந்த தோப்பும் படகுத்துறையும் சின்னதாகத் தெரிந்தன. வலது பக்கம், கண் போகும் தூரம்வரை கடல். கரையோரத்தில் வெளிர்ப்பச்சை, பவளப்பாறை இருந்த இடத்தில் கருநீலம், அதற்கும் அப்பால் வானத்தோடு கலந்த வெறும் வெளிச்சம். தூரத்தில் ஆளில்லாத இன்னொரு தீவு மேகத்தின் நிழலில் கிடந்தது. காற்று வந்து அவள் ஈரத் தலையைக் கலைத்தது. கோட்டை மலையில் நின்று அணைக்கட்டைப் பார்க்கிறபோது நிற்பது போலவே, இடுப்பில் கை வைத்து மணி நின்றார்.

கடற்கரை பேச்சியம்மாள் சொன்னதற்கும் மேலாகவே இருந்தது. வெள்ளை மணலில் சின்ன நண்டுகள் சங்கு ஓட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தன. சுஜாதா வலிக்கிற காலை அலையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குளிர்ச்சிக்கு வலி மரத்துப்போனது. மணி சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டுக் கடலுக்குள் இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவள் கையசைத்தாள். அவர் முங்கி எழுந்தார்.

நல்லுசாமியின் படகு முனையைச் சுற்றி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவனும் மணியும் கைத்தாங்கலாகச் சுஜாதாவை ஏற்றினார்கள். படகு பாதி தூரம் வந்ததும் அவள் போனுக்குச் சிக்னல் வந்தது. உடனே போன் அடித்தது. ஜெயப்ரியா.

"ஏம்மா, காலையில இருந்து போன் போகவே இல்ல. அப்பா எப்படி இருக்கார்? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

சுஜாதா எதிரே பார்த்தாள். மணி நல்லுசாமியிடம் ஏதோ ஒரு மீனின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அவருக்கு இன்னா, நல்லாத்தான் இருக்காரு," என்றாள். "நான்தான் மலையில வுழுந்துட்டேன். கால் இன்னா வீங்கியிருக்குது தெரியுமா? இரு, போட்டோ எடுத்து அனுப்பறேன்."