அரிசி மூட்டைகளுக்குப் பின்னால்

லா சப்பலின் தமிழ்க் கடைகளில் நிற்கும் பெண்கள் காலையில் தேத்தண்ணி குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது?

மிருணாளினிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கியல் படித்து, வேலை எடுத்து, வட்டாரசபைக்குத் தெரிவாவதற்கு முன்னால் அவளும் இந்தத் தெருவில் முருங்கைக்காய் அடுக்கியவள்தான். அந்தக் கடையில் மலசலகூடம் இருந்தது. எல்லாக் கடையிலும் இருக்கிறது, சட்டம் கேட்கிறது. ஆனால் இங்கே வாடகை ஏறுகிற வேகத்தில் ஒரு சாண் இடத்தைச் சும்மா விட எந்த முதலாளிக்கும் மனம் வராது. முதலில் மலசலகூடக் கதவோரம் ஒரு அரிசி மூட்டை வந்து சாயும். பிறகு அதன்மேல் இன்னொன்று. பிறகு கதவே தெரியாது. ஆண்கள் எங்காவது ஒரு மூலை பார்த்துக்கொள்வார்கள். பெண்கள் அடக்கிக்கொள்வார்கள். முடியாமல் போனால் முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு ஓடுவார்கள்.

மார்கழியில் தயானி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வன்னியிலிருந்து வந்தவள், அரியரத்தினத்தின் பலசரக்குக் கடையில் வேலை. சிறுநீரகத்தில் கிருமி என்றார்கள். மிருணாளினி தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள்.

"தண்ணி குடிக்கிறேல்லை எண்டு டொக்டர் பேசுறார் அக்கா," என்றாள் தயானி. "அவருக்கென்ன. கக்கூஸ் பக்கத்தில இருக்கு."

சிரித்தாள். சிரித்ததில் விலா நொந்து முகம் சுழித்தாள்.

"சபையில கேக்கட்டோ?"

"கேளுங்கோ. என்ர பேரை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

அடுத்த சபைக் கூட்டத்தில் ஒரு சிறு சதுக்கத்துக்குப் பெயர் வைப்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். அது முடிந்ததும் மிருணாளினி எழுந்து, கடைத்தெருவில் வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு பொது மலசலகூடம் கேட்டாள். பொறுப்பானவர் பண்பாகப் பதில் சொன்னார்: சட்டப்படி ஒவ்வொரு கடையிலும் ஊழியர்களுக்கு ஒன்று இருக்கிறதே? இல்லையென்றால் சொல்லுங்கள், பரிசோதகர்களை அனுப்பலாம்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பரிசோதகர் வந்தால் தண்டம் வரும். தண்டம் வந்தால் முதலில் வீட்டுக்குப் போவது தயானி.

"இருக்கிறது. ஆனால் போக முடியாது," என்றாள். "நான் முதலில் கடைக்காரர்களோடு பேசிப் பார்க்கிறேன்."

பேசப் போனாள். வர்த்தகர் சங்கத்துக்கு அரியரத்தினம்தான் தலைவர். பங்குனியில் சபைத் தேர்தல். வேட்பாளர் பட்டியலைப் போடுவது அவளுடைய கட்சியின் முதன்மை வேட்பாளரான மதாம் லெஃபோர். இந்தத் தெருவிலிருந்து யாரைப் போடுவது என்பதை அந்த அம்மா அரியரத்தினத்திடம்தான் கேட்பாள். போன முறையும் அப்படித்தான் நடந்தது.

கடையில் காசு மேசையில் இம்மாகுலேற் இருந்தாள். அரியரத்தினம் பருப்புப் பைகளுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தார். சபையில் பேசியதையும் மூட்டைகளையும் பற்றி அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒட்டுவதை நிறுத்தினார்.

"பிள்ளை, நீங்கள் எங்கடை ஆள். உங்களை அங்கை அனுப்பினது நாங்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இடம் கேளுங்கோ. நாட்டுப் பிரச்சினையைக் கதையுங்கோ. அதை விட்டிட்டு வெள்ளைக்காரருக்கு முன்னால கக்கூஸைப் பற்றியோ கதைக்கிறது? அவங்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பாங்கள்?"

"எங்கடை பொம்பிளையளுக்கும் மூத்திரம் வரும் எண்டு நினைப்பாங்கள் அண்ணை."

இம்மாகுலேற் குனிந்து, கீழே விழாத எதையோ தேடினாள்.

அரியரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் வந்த புதுசில இப்பிடி மூட்டைக்கு மேலதான் படுத்தனான். எனக்கு ஆர் கக்கூஸ் காட்டினது?"

"ஒருத்தரும் காட்டேல்லை. அதுக்காக இவையளும் படவேணுமோ?"

"மூட்டையை எங்கை வைக்கிறது? தலையிலயோ?"

"வாடகைக்கு ஒரு களஞ்சியம் எடுங்கோ. நாலு கடையாச் சேர்ந்து எடுக்கலாம்."

அவர் மறுபடி விலை ஒட்டத் தொடங்கினார். "பொங்கலுக்கு மதாம் வாறா. உங்களுக்குப் பொன்னாடை போர்த்துறம். அவவுக்கு முன்னால உங்கடை பேரைச் சொல்லுறன். நீங்கள் நன்றியைச் சொல்லிப்போட்டு இருங்கோ. இந்த மூத்திரக் கதை அங்கை வந்தால், உங்கடை பேர் என்ர வாயில வராது."

சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார்.

பொங்கலன்று காலை அவள் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தாள். வழியில் ஒரு கோப்பி.

அரியரத்தினத்தின் கடைவாசல் நடைபாதையில் எரிவாயு அடுப்பில் பானை. வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட முதலாளிமார். மூக்கு சிவந்த மதாம் லெஃபோர். எதிர்ப்பக்கக் கடைகளின் பெண்கள் வாசல்களில் நின்றபடி பார்த்தார்கள். கடையை விட்டு வர முடியாது. தயானி மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள். வேலைக்குத் திரும்பியிருந்தாள். சட்டை தோளில் தொங்கியது.

பால் பொங்கியது. கைதட்டினார்கள். அரியரத்தினம் மிருணாளினிக்குப் பொன்னாடை போர்த்தி, "எங்கள் தெருவின் குரல்" என்று தமிழிலும், பிறகு தனக்குத் தெரிந்த பிரெஞ்சிலும் சொன்னார். மதாம் தலையாட்டினாள். ஒலிவாங்கி மிருணாளினியின் கைக்கு வந்தது.

"நன்றி," என்றாள். "அரியரத்தினம் அண்ணை, எனக்கு ஒருக்கா கக்கூசுக்குப் போகவேணும்."

சனம் சிரித்தது. அவரும் சிரித்தார். "அந்த முனையில கஃபே இருக்குப் பிள்ளை."

"ஏன் அண்ணை, உங்கடை கடை இதிலதானே இருக்கு?"

"உள்ளை துப்பரவில்லை."

"அப்ப கோகிலன்ர கடைக்குப் போறன். கோகிலன்?"

பக்கத்து மரக்கறிக் கடைக்காரன் கோகிலன் கைத்தொலைபேசியில் அவசரமாக எதையோ வாசித்தான்.

"வாமதேவன் அண்ணை? நகைக்கடை, வடிவா வைச்சிருப்பியள்."

வாமதேவன் பானையைக் கவனித்தார். பானையை ஏற்கெனவே மூன்று பேர் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒலிவாங்கி திறந்திருந்தது, அவளுடைய மூச்சு தெருவுக்கே கேட்டது.

"பகிடி இல்லை," என்றாள். "எனக்கு உண்மையாவே முட்டுது. இந்தத் தெருவின்ர குரலுக்கு இந்தத் தெருவில மூத்திரம் பெய்ய இடமில்லையோ?"

"மைக்கை வாங்கு," என்றார் அரியரத்தினம் யாரிடமோ. யாரும் வாங்கவில்லை.

அப்போது கடைக்குள்ளிருந்து இம்மாகுலேற்றின் குரல் வந்தது. "அக்கா, கதவுக்குப் பூட்டில்லை. மூட்டை மட்டும்தான்."

மிருணாளினி ஒலிவாங்கியைக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பின்னால் மூலையில் சம்பா அரிசி கூரை வரைக்கும் நின்றது. பொன்னாடையைக் கழற்றி இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கால்விரலில் எக்கி மேல் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். அது அவள் தோளில் விழுந்து அவளையும் ஒரு பக்கம் சாய்த்தது. மறுபக்கத்தை ஒரு கை பிடித்தது. இம்மாகுலேற். கல்லாச் சாவி அவள் பல்லுக்கிடையில் இருந்தது.

"நீ எழும்பி வந்தா காசு மேசையில ஆர்?"

"ஒருத்தருமில்லை," என்றாள் பல்லைத் திறக்காமல்.

மூட்டையை இழுத்து வந்து பொங்கல் பானைக்குப் பக்கத்தில் போட்டார்கள். இரண்டாவதுக்குத் தயானி வந்தாள். "நீ தூக்காதை," என்றாள் மிருணாளினி. "தள்ளுறன் அக்கா," என்றாள் அவள். எதிர்க் கடைகளிலிருந்து பெண்கள் தெருவைக் கடந்து வந்தார்கள். நடைபாதையில் அரிசி உயர்ந்தது. முதலாளிமார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

அரியரத்தினம் உள்ளே வந்தார். குரலைத் தாழ்த்தினார். 'பிள்ளை' என்ற அழைப்பும் போய்விட்டது.

"மிருணாளினி, நீ பட்டியலில இல்லை. விளங்குதோ? முடிஞ்சுது."

"விளங்குது அண்ணை. அந்தப் பக்கம் ஒருக்காப் பிடியுங்கோ. கனக்குது."

அவர் பிடிக்கவில்லை. ஆனால் விலகி வழி விட்டார்.

கதவு திறந்தது. உள்ளே எல்லாம் புதிது. இருக்கையில் வாங்கும்போது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வருடக்கணக்காக அவர்கள் கார் து நோருக்கு ஓடிய காலமெல்லாம் இது இங்கே இப்படியே இருந்திருக்கிறது. மிருணாளினி குழாயைத் திருகினாள். அது இருமியது, துருவைத் துப்பியது, பிறகு ஓடியது.

உறையைக் கிழித்து வெளியே எறிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் வெளியே வந்தபோது வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் தயானி.

நடைபாதையில் மதாம் லெஃபோர் காத்திருந்தாள். யாரோ அவளுக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்திருந்தார்கள். பொங்கல் கிண்ணம் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"இதை நீங்கள் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சபையில் சொன்னேன், மதாம். நீங்கள் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தீர்கள்."

மதாம் கிண்ணத்தைப் பார்த்தாள். "சங்கத் தலைவர் மிகவும் கோபமாக இருக்கிறார். பட்டியலைப் பற்றி நாங்கள் பேச வேண்டியிருக்கும்."

"பேசுவோம். எடுப்பதென்றால் எடுங்கள். பங்குனி வரைக்கும் நான் உறுப்பினர்தான். பொது மலசலகூடத்தை அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். அதற்கடுத்த கூட்டத்திலும்."

"அதற்குப் பிறகு?"

"பார்வையாளர் வரிசையிலிருந்து கேட்பேன். அங்கே கதிரை இலவசம்."

இடுப்பில் பொன்னாடை அவிழ்ந்துகொண்டு வந்தது. சரிகையில் அரிசித் தவிடு. மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பினாள். கோகிலன் தன் கடைவாசலை மறைப்பதுபோல் நின்றான்.

"கோகிலன், உன்ர கதவுக்கு முன்னால என்ன?"

அவன் அரியரத்தினத்தைப் பார்த்தான். அவர் நடைபாதையில் தன் அரிசி மூட்டையொன்றின்மேல் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குள் வரிசை ஒரு அடி முன்னே நகர்ந்தது.

"வெங்காயம் அக்கா," என்றான்.

"அரிசியை விடப் பாரம் குறைவு," என்றாள் மிருணாளினி. "வா, பிடி."