தூக்கிய தோள்

சிற்பி வெண்கலச் சிலையின் கால்விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தொழிற்சங்கச் செயலாளரோடு அந்த அம்மா பட்டறைக்குள் வந்தாள். மறுநாள் ஆலை வாசலில் திறக்கப்போகும் அந்த ஆளுயரச் சிலை, சங்கத் தலைவராக இருந்து இறந்துபோன அவள் புருஷனுடையது. அளவுக்காக அவள் கொடுத்திருந்த அவருடைய ஊன்றுகோல் மூலையில் சாய்ந்திருந்தது. அதை வாங்கிப்போக வந்தவள் சிலையின் கால்களைக் குனிந்து பார்த்தாள். இரண்டு கால்களும் திடமாக இருந்தன.

"இது யாருங்க?"

செயலாளர் முந்திக்கொண்டார். "அண்ணன்தான் அண்ணி. தலைவர்னா ஒரு கம்பீரம் வேண்டாமா? பாக்கிறவங்க ஐயோ பாவம்னு சொல்லிடக் கூடாதில்ல?"

"பாவமா? மூடி இல்லாத மெஷின் அவரு காலை இழுத்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் கட்டைய ஊனிக்கிட்டு ஆலை வாசல்லதான் போய் உக்காந்தாரு. பதினோரு மாசம்! எல்லா மெஷினுக்கும் மூடி போட்ட பிறகுதான் எழுந்தாரு. உங்களுக்கெல்லாம் காலு ரெண்டும் எப்படி மிஞ்சிச்சுன்னு நெனைக்கிறீங்க?"

செயலாளர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவினார். பதில் இல்லாதவர்களுக்கு மட்டும் எப்படியோ சரியான நேரத்தில் அழைப்பு வந்துவிடுகிறது.

சிற்பிக்கு முகம் தொங்கிப்போனது. களிமண்ணில் அவர் முதலில் ஒற்றைக் காலோடுதான் செய்திருந்தார். விழாக்குழு முகம் சுளித்ததும், வேலை கைநழுவிவிடுமோ என்று பயந்து, ஊன்றுகோலை எடுத்துவிட்டு ஒரு காலைச் சேர்த்தார். அந்த அவசரத்தில் தோளை மறந்துவிட்டார்.

அது அவள் கண்ணில் பட்டுவிட்டது. முப்பது வருடம் கட்டையில் சாய்ந்து மேலேறிப்போன வலது தோள், சிலையிலும் அப்படியே தூக்கி நின்றது. அவள் ஊன்றுகோலை எடுத்துச் சிலையின் அக்குளில் செருகினாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. அப்போதுதான் அவர் அவராகத் தெரிந்தார். அவள் உடைந்து அழுதாள்.

"இனிமே மாத்த முடியாதா?"

"வெண்கலத்துல வார்த்தாச்சும்மா."

அவள் ஊன்றுகோலை உருவிக்கொண்டாள். "கால் போன மனுசனுக்குச் சிலை வைக்கக் கூச்சமா இருந்தா, வைக்காமலே இருந்திருக்கலாம்."

திறப்பு விழாவுக்கு அவள் வரவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன் பக்கத்தில் நின்ற சிற்பியிடம் கேட்டான்.

"ஏங்க இவரு ஒரு தோளத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு?"

"அங்க ஒரு கட்டை இருந்துச்சுப்பா. நான்தான் எடுத்தேன்" என்றார் சிற்பி. "ஊனத்த மறைச்சா மரியாதைன்னு நெனச்சோம். அவரு வாழ்ந்த வாழ்க்கையையே மறைச்சுட்டோம்."