அது உங்க பறவை

மே மாதத்து முதல் சனிக்கிழமை வானம் நீலமாக விடிந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷம் முழுக்க வெயிலுக்கு ஏங்கிக் கிடக்கிற ஊர்தான் நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கிற எங்கள் சவுத்லேண்ட்; மே என்றால் இங்கே குளிர் தொடங்குகிற மாதம். ஆனால் வாத்து வேட்டை தொடங்குகிற அந்த ஒரு நாள் மட்டும் தென்மேற்குக் காற்று முகத்தில் அறைய வேண்டும், மழை சாய்வாக அடிக்க வேண்டும். அப்போதுதான் வாத்து ஒதுங்க இடம் தேடிக் குளத்துக்கு இறங்கும். காற்றில்லாத வெயில் நாளில் அது உச்சியிலேயே பறந்து, கீழே நாம் ஒளிந்திருக்கிற அழகைப் பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விடும்.

இந்த வருஷம் புதன்கிழமையே ரேடியோ சொல்லிவிட்டது: சனிக்கிழமை தெளிவான வானம், காற்று இல்லை. நான் ரேடியோவை அணைத்தேன். அணைத்துவிட்டால் வானிலை மாறிவிடும் என்று நினைக்கிற வயதா எனக்கு? அறுபத்திரண்டு.

வெறும் வாத்துக்காக என்றால் இவ்வளவு படபடப்பு இருந்திருக்காது. இந்த முறை என்னோடு ஒரு புது ஆள் வருவதாக இருந்தது. முதல் நாளில் நாலு வாத்து விழுந்தால் புது ஆள் அடுத்த வருஷமும் வருவான். சேற்றிலும் குளிரிலும் உட்கார்ந்து வெறுங்கையோடு வீடு திரும்பினால் அதோடு சரி. எனக்கு அவர் திரும்ப வர வேண்டும். வேறு யாரும் மிச்சமில்லை.

குளத்தோரத்தில் நாங்கள் ஒளிந்து உட்காருகிற கொட்டகையை மைமாய் என்போம். எங்களுடையது பழைய தகரமும் மானுகா மரக்கிளையுமாகச் சேர்த்துக் கட்டியது. உள்ளே மூன்று பேர் உட்காருகிற பலகை. ஒரு முனையில் என் கூட்டாளி அலெக், மறுமுனையில் இன்னொரு கூட்டாளி மரி, நடுவில் நான். அலெக் இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போனான். மரி மகளோடு இருக்கப் போகிறேன் என்று ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டு, அங்கிருந்து நீச்சல்குளப் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். என் நாய் ஜெட்டும் போன சீசனுக்கு முன்பே செத்துவிட்டது. கடந்த சீசனின் முதல் நாள் பதினோரு மணி நேரம் அந்தப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அன்று நான் பேசிய ஒரே ஆள் நான்தான். அதுவும் சண்டையில் முடிந்தது.

அதனால்தான் மார்ச் மாதம் தீவனக் கடைச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டினேன். 'மைமாயில் ஓரிடம் காலி. பழக்கம் இல்லாதவர்களும் வரலாம். லிண்ட்சே மட்ச்.' இரண்டிடம் காலி என்று எழுதக் கூச்சமாக இருந்தது. மூன்று வாரம் யாரும் வரவில்லை. ஒருத்தி மட்டும் போன் செய்து, பழைய குளிர்சாதனப் பெட்டி வேண்டுமா என்று கேட்டாள்.

நாலாவது வாரம் ரொடேலியோ மகராயெக் என் வாசலில் வந்து நின்றார். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பால் பண்ணையில் அறுநூறு மாட்டுக்குப் பொறுப்பாளர். பிலிப்பைன்ஸ்காரர், நாற்பத்து மூன்று வயது. துப்பாக்கி லைசென்ஸை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நான் கேட்பதற்கு முன்பே நீட்டினார்.

"பழக்கம் இல்லாதவங்களும் வரலாம்னு போட்டிருந்தீங்க பாஸ். எனக்குச் சுத்தமா பழக்கம் இல்ல. பரவால்லயா?"

"சுத்தமான்னா?"

"வகுப்புக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், போலீஸ்காரங்க வீட்டுக்கே வந்து ரெண்டு மணி நேரம் குடைஞ்சாங்க. லைசென்ஸ் வந்துருச்சு. ஆனா இன்னும் ஒரு ஈயக்கூட சுட்டதில்ல."

"பாஸுன்னு கூப்பிடாதீங்க. எனக்குக் கீழ இப்ப ஒரு நாய்கூட கிடையாது."

"சரிங்க பாஸ்," என்றார்.

ஏன் இந்த ஆசை என்று கேட்டேன். ஊரில் அவருடைய அப்பா முட்டைக்காக இரண்டாயிரம் வாத்து வளர்க்கிறாராம்.

"எங்க வீட்ல வாத்துக்கா பஞ்சம்? அப்பாதான் போன்ல சீண்டினார். 'கடல் தாண்டிப் போயி அடுத்தவன் மாட்டுல பால் கறக்குற. காட்டு வாத்து ஒண்ணு நீ சுட்டுக் காட்டு, நான் மீசைய எடுத்துடுறேன்'னார். முப்பது வருஷ மீசை பாஸ்."

அதன் பிறகு ஐந்து வாரம், பால் கறப்புக்கும் பால் கறப்புக்கும் நடுவே அவர் வந்துபோனார். வாத்துகளை ஈர்க்கக் குளத்தில் பார்லி கொட்டினோம், பொம்மை வாத்துகளுக்குப் புதுக் கயிறு கட்டினோம். அலெக் விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பிரித்து, மடக்கி, தோட்டா போட்டு எடுக்கப் பழக்கினேன். பாதுகாப்புப் பொத்தானை முன்னால் தள்ளினால்தான் சுடும் என்று காட்டினேன். எதற்காகத் துப்பாக்கியைக் கீழே வைத்தாலும் முதலில் மடக்கித் தோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்று அவர் காது புளிக்கிற அளவுக்குச் சொன்னேன். அந்த நாட்களில் என் வீட்டில் இரண்டு கோப்பை கழுவ வேண்டியிருந்தது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. எங்கள் மைமாயில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர் முதல் பறவைக்குத் துப்பாக்கியைத் தூக்கும்போது பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து சுடுவார். பறவை விழுந்தால், "அது உன் பறவை," என்பார். இரண்டு வெடி ஒன்றாகக் கேட்ட பிறகு எது பட்டது என்று யாருக்குத் தெரியும்? அலெக் எனக்கு அப்படித்தான் சொன்னான். நான் மரிக்குச் சொன்னேன். என் முதல் வாத்தை உண்மையில் சுட்டது யார் என்று நாற்பத்தொரு சீசனாக நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ரேடியோ சொன்னபடியே விடிந்தது. ஆறரை மணிக்குத் தூரத்துக் குளங்களில் வெடிச்சத்தம் தொடங்கியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. எங்கள் குளம் கண்ணாடியாகக் கிடந்தது. பொம்மை வாத்து ஒன்றுகூட அசையவில்லை. உயரத்தில், மிக உயரத்தில், புள்ளி புள்ளியாக வாத்துக் கூட்டம் கடலைப் பார்த்துப் போனது. வாத்தைக் கூப்பிடுகிற ஊதலை எடுத்து மூச்சு முட்ட ஊதினேன்.

"என்ன பாஸ், நியூசிலாந்து வாத்துக்கு இவ்வளவு திமிர்? எங்கப்பா ஒரு சட்டியத் தட்டினா ரெண்டாயிரமும் ஓடி வரும்."

"அப்ப உங்கப்பாவ வரச் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போய்த் தூங்குறேன்."

நான் கொண்டுபோன சீஸ் ரோலையும் அவர் கொண்டுவந்த சோற்றையும் கோழி அடோபோவையும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அவர் பேசினார், நான் சிரித்தேன். ஆனாலும் கண் கடிகாரத்திலேயே இருந்தது. மதியப் பால் கறப்புக்கு அவர் ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். பதினொன்றானது. பன்னிரண்டானது. அவர் கொட்டாவியைக் கைக்குள் மறைப்பதைப் பார்த்தேன். போச்சு, அடுத்த வருஷமும் தனிதான் என்று நினைத்தேன்.

பன்னிரண்டே காலுக்கு ஆற்றுப் பக்கமிருந்து ஒரு ஆண் வாத்து தனியாக வந்தது. கூட்டத்தைத் தவறவிட்டதோ என்னவோ. ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கையை விரித்து, எங்கள் பொம்மைகளை நோக்கி இறங்கியது.

"இப்ப," என்றேன். இருவரும் எழுந்தோம். வெடித்தது. வாத்து மடிந்து தண்ணீரில் விழுந்தது.

அவர் என்னைப் பார்த்தார்.

"அது உங்க பறவை," என்றேன்.

அவர் துப்பாக்கியை மூலையில் சாத்திவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். அலெக்கின் சவ அடக்கத்துக்குப் பிறகு என்னை யாரும் கட்டிப்பிடித்ததில்லை. ஐந்து வாரம் நான் ஓதிய பாடத்தை அந்த நிமிஷம் நானே மறந்தேன். மூலையில் சாத்திய துப்பாக்கியை மடக்கச் சொல்லவில்லை. என்னுடையதை மட்டும் மடக்கி வைத்துவிட்டு, இடுப்புத் தண்ணீரில் இறங்கி வாத்தை எடுத்துவந்தேன். பச்சைத் தலை, கொழுத்த உடம்பு, நல்ல பறவை. அவர் அதை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். படம் எடுத்துக் கொடுத்தேன். படம் ஊருக்குப் போனது.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. மீசை இல்லாத ஒரு கிழவர், மேலுதடு மட்டும் வெளுத்துப்போய், கையில் சவரக்கத்தியோடு போனில் நின்றார். ரொடேலியோ சிரித்துச் சிரித்துப் பலகையிலேயே சரிந்தார்.

"அடுத்த வருஷமும் இங்கதான் பாஸ். என் மச்சானையும் கூட்டிட்டு வரவா? ஓயாமப் பேசுவான், நாலு அதட்டு போட்டா அடங்கிடுவான்."

"கூட்டிட்டு வாங்க," என்றேன். பலகையில் மூன்று பேர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் கிளம்பினார். மூலையில் இருந்த துப்பாக்கியை எடுத்து, நான் பழக்கியபடியே மடக்கினார். உள்ளே இரண்டு தோட்டாவும் முழுசாக இருந்தன.

அவர் கட்டைவிரலால் பாதுகாப்புப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அது முன்னால் தள்ளப்படவே இல்லை.

"பாஸ், இது வெடிக்கவே இல்ல."

"சுட்ட பெறகு நீங்க வேற தோட்டா மாத்தியிருப்பீங்க," என்றேன். அந்தப் பொய் என் காதுக்கே கேவலமாகக் கேட்டது.

அவர் பையிலிருந்த தோட்டாக்களை எடுத்துப் பலகையில் வைத்தார். எட்டு. காலையில் நான் கொடுத்தது பத்து. எல்லாம் நீலம். தரையில் கிடந்த ஒற்றைக் காலித் தோட்டாக் குப்பி சிவப்பு, என்னுடையது.

"எனக்கு வெடிச்சத்தம் கேட்டுது. தோள்ல இடிச்ச மாதிரிகூட இருந்துச்சு," என்றார்.

"முதல் தடவ அப்படித்தான் இருக்கும். நீங்களும் சுட்டீங்கன்னுதான் நான் நினைச்சேன். சத்தியமா."

"சரி, ரெண்டு பேரும் சுட்டோம்னே வச்சுக்குவோம். அப்பவும் அது என்னுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேறு வழியில்லாமல் வழக்கத்தைச் சொன்னேன். அலெக் எனக்குச் சொன்னது, நான் மரிக்குச் சொன்னது, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அடுத்த வருஷம் நான் நெஜமாவே ஒண்ணு சுட்டுடுறேன்னு வைங்க. நீங்க 'உங்க பறவை'ம்பீங்க. நான் எப்படி பாஸ் நம்புறது?"

நான் குனிந்து அந்தச் சிவப்புக் குப்பியை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

அவர் வெளியே போய் அப்பாவைக் கூப்பிட்டார். அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது. என் பெயர் மட்டும் இரண்டு தடவை வந்தது. மறுமுனையில் கிழவர் முதலில் கத்தினார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு என்னவோ கேட்டார். ரொடேலியோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வைத்தார்.

"என்ன சொல்றார்?"

"மீசை வளந்துடுமாம். நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னேன்."

தண்ணீரில் நின்றபோது உறைக்காத குளிர் அப்போது உறைத்தது. இப்போது கேட்காவிட்டால் இனி கேட்கவே முடியாது என்று தெரிந்தது. "அடுத்த வருஷம் வருவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "வரேன். ஆனா நீங்க துப்பாக்கி கொண்டுவரக் கூடாது. சும்மா பக்கத்துல உக்காந்து..."

"சரி," என்றேன்.

அவர் பேச்சை முடித்திருக்கவில்லை. நாற்பத்தொரு சீசன் ஒன்றுகூடத் தவறாமல் சுட்டவன் நான். அம்மா செத்த வாரத்தில்கூட வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் பெயரைச் சொன்னாலே ஊரில் முதலில் வாத்துதான் ஞாபகம் வரும். ஒரு சீசன் துப்பாக்கி வேண்டாம் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இவரிடம் பேரம்கூடப் பேசவில்லை.

நான் கொஞ்சமாவது முரண்டு பிடிப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தீவனக் கடையில் நான் ஒட்டியிருந்த சீட்டை அப்போதுதான் முழுசாக வாசித்தவர் போல இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பாஸ்," என்றார், குரலைத் தணித்து.

"யோசிச்சாச்சு."

அவர் வாத்தை என் பக்கம் நகர்த்திவைத்தார். மாடுகள் காத்திருக்கும் என்று சொல்லிக் கை கொடுத்தார். வேலி தாண்டி அவருடைய வண்டி போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய் என் துப்பாக்கியை உறையில் போட்டு மூடி, பலகையின் முனைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். துப்பாக்கி இல்லாமல் உட்கார்ந்தால் எப்படித்தான் இருக்கும் என்று பார்த்துவிடலாமே. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் விட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன்.