காலி கணினியில் பார்த்த வேகம்

ஐந்து மணிக்குள் ஒரே ஓர் எண்ணை முடிவு செய்தாக வேண்டும். அதற்காகக் காலையிலிருந்து பொதிக்காரி இருப்புக்கொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தாள். பெரிய பெரிய கணக்குகளைப் போடும் மென்பொருள் நூலகத்தை, யாரும் எளிதாக நிறுவிக்கொள்ளும்படி பொதியாகக் கட்டி வெளியிடுவது அவள் வேலை. பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். நிறுவுகிறவர் எதையும் மாற்றாவிட்டால் நூலகம் தன் கணக்கை எத்தனை த்ரெட்டாக, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் எத்தனை இழையாகப் பிரித்து ஓட்டும் என்பதுதான் அந்த எண். போன பதிப்பில் 'கணினியில் எத்தனை கோர் (கணக்குப் போடும் உள்மூளை) உண்டோ அத்தனையும்' என்று வைத்த புண்ணியவதியும் அவளேதான்.

மதியம் தங்கை அனுப்பிய செய்தி அந்தத் தவிப்பை இன்னும் கூட்டியது. 'அக்கா, ஆராய்ச்சியை விட்டுடுறேன். எனக்கு இது வராது.'

உடனே போன் செய்தாள். தங்கையின் வெள்ளக் கணக்கு மூன்று வாரமாக ஆமையாக ஊர்கிறதாம். அவள் முறையே உதவாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டாராம்.

"எந்தக் கணினில ஓட்டுற?"

"துறையோட பொதுக் கணினி. அறுபத்தி நாலு கோர். அதான் வேலையை அறுபத்தி நாலு துண்டாப் பிரிச்சு ஒண்ணா ஓட்டுறேன்."

பொதிக்காரி மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டும் இவள் கட்டிய அதே நூலகத்தை அழைக்கும். நூலகம் ஒவ்வொரு தடவையும் அறுபத்து நான்கு த்ரெட்டைத் திறக்கும். மொத்தம் நாலாயிரத்துக்கு மேல். ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஒன்றும் நகராது.

"நூலகத்துக்கு ஒரே த்ரெட்னு ஒரு வரி எழுதிட்டு மறுபடி ஓட்டு."

அதன்பின் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். நூலகம் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று சோதனை பார்க்கிற சக ஊழியருக்கு வேகம் என்று பேர். அவருக்குச் சோதனை என்றால், பிரவுசர் முதற்கொண்டு எல்லாவற்றையும் மூடி, கணினியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான். இவளும் அப்படித்தான் பார்த்தாள். அப்படிக் காலியான கணினி உலகத்தில் யாரிடம் இருக்கிறது என்று இருவருமே ஒரு நாளும் யோசித்ததில்லை.

"ஒண்ணுன்னு வச்சா நம்ம வேக அட்டவணைல எட்டு மடங்கு மெதுவாத் தெரியும்," என்றார் வேகம். "மானம் போயிடும்."

"கூட்டிக்கத் தெரிஞ்சவங்க கூட்டிக்கட்டும் சார். குறைக்கணும்னே தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? தன்னைத்தான் திட்டிக்குவாங்க."

நாலு மணிக்குத் தங்கை அழைத்தாள்.

"பதினெட்டு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. அப்போ என் முறை சரிதானா அக்கா?"

"சரிதான். தப்பு என்னோடது. விலகல் கடிதம் எதுவும் குடுத்துடலியே?"

"காலைலயே குடுத்துட்டேன். வழிகாட்டி அதை அஞ்சு மணிக்கு ஆபீசுக்கு அனுப்பிடுவார். நான் சொன்னா சாக்குன்னுதான் நினைப்பார்."

பொதிக்காரி உட்கார்ந்தாள். எண்ணை ஒன்று என்று மாற்றினாள். வெளியீட்டுக் குறிப்பில் எழுதினாள்: 'போன பதிப்பில் நான் வைத்த அமைப்பு தவறு. பொதுக் கணினிகளில் உங்கள் நிரல் மெதுவாக ஓடியிருந்தால் பழி உங்கள் மேல் இல்லை.' வேகம் தோளுக்கு மேலாகப் படித்தார். வெளியீட்டுப் பொத்தானை அவரே அழுத்தினார்.

நாலு நாற்பதுக்கு, குறிப்பைக் கொண்டுவருவதாகத் தங்கைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அதை அச்செடுத்த தாளோடு அவள் படியிறங்கும்போது தங்கை மறுபடி அழைத்தாள்.

"வழிகாட்டி அறை வாசல்லதான் நிக்கிறேன். அக்கா, அந்தக் குறிப்புல உன் பேரைப் போட்டுடாத. உன் வேலைக்கு வம்பு."

"போட்டாச்சு. கதவைத் தட்டி, அக்கா வர்றான்னு சொல்லு."