டீச்சர் சொன்ன ‘ம்’

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் இருட்டறையில், கண் பார்க்கும் கருவியில் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தபோது அதுவாக வந்து என் மேல் விழுந்தது. எழுந்து ஓட வழியில்லை. தலையைக்கூட ஆட்ட முடியாது.

"என்ன வேலை பாக்கறீங்க? ரொம்பப் படிக்கிற வேலையா?" என்று கேட்டார் கண் பார்த்துக்கொண்டிருந்த பெண்.

"எழுதுற வேலை. கதை."

"ஓ." லென்ஸை மாற்றினார். "அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கண்ணை இமைக்காதீங்க."

அந்த ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். என் கண்ணின் பவர் என்ன என்று கேட்க மறந்து, அவருடைய கேள்வியை மட்டும் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அதற்குப் பதில் எனக்கு இன்றுவரை தெரியாது. பதில் தெரியாதவன் கதை எழுதலாமா என்று கேட்டால், பதில் தெரிந்தவர்கள் எல்லாம் எழுதி— (இந்த வாக்கியம் புத்திசாலித்தனமாகப் போகிறது. விட்டுவிடுகிறேன்.)

2.

அவரை இனி அண்ணி என்கிறேன். கதையில் வரும் இன்னொருத்தி அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த இன்னொருத்தி அவருடைய தம்பியின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். கல்யாணமான புதிதில் அண்ணி கிண்டலாக ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அண்ணியையும் ‘அவள்’ என்றே எழுதப்போகிறேன். மரியாதை விகுதி போட்டால் ஆள் இரண்டடி தள்ளி நின்றுவிடுகிறார். எனக்குப் பக்கத்தில் வேண்டும்.

தொடக்கம் ஒன்று: "டீச்சருக்கு வலி எடுத்த அன்று வானம்—" (வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

தொடக்கம் இரண்டு: "அண்ணியும் டீச்சரும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை." (உண்மைதான். ஆனால் உடனே யார் மேல் தப்பு என்று கேட்பீர்கள். அண்ணி மேல்தான். முதல் வரியிலேயே அதைச் சொன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கதை கேட்க மாட்டீர்கள்.)

மூன்றாவது, சாதாரணமானது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

மதியம். கடையில் ஒருவருக்கு ஃப்ரேம் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணிக்குத் தம்பியின் அழைப்பு வந்தது. அவன் குளிர்பதன இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். வேலையாக வெளியூர் போயிருந்தான்.

"அக்கா, அவளுக்கு வலி ஆரம்பிச்சிடுச்சு."

"என்னடா, இன்னும் நாள் இருக்குன்னீங்க?"

"அது குழந்தைக்குத் தெரியலை. நான் ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டு நிக்கறேன். அவங்க அம்மா வந்து சேர நாளைக்கு ஆகும். நீ கொஞ்சம் போயேன்."

"நான் போனா கதவைத் திறப்பாளா?"

"திறப்பா. அவளுக்கு முதுகு எட்டாது."

அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணிக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது.*

* டென்ஸ் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. அதிலிருந்து வரும் ஒயர்களின் முனையில் பசையுள்ள நான்கு பேட். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி ஒட்ட வேண்டும். மெல்லிய மின்துடிப்பு தோலில் ஓடும். வலி மூளைக்குப் போகிற வழியில் இது குறுக்கே நின்று பேச்சுக் கொடுக்கும் என்பது நம்பிக்கை. வலி ஏறும்போது பெட்டியிலுள்ள பொத்தானை அமுக்கினால் துடிப்பும் ஏறும். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை என்கிறார்கள். வலி போய்விடாது, அதோடு மல்லுக்கட்டக் கையில் ஒரு பொத்தான் கிடைக்கும். வீட்டில் பேட் ஒட்டிப் பழகியிருந்தவன் தம்பி.

4.

தப்பைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது.

இதற்கு முன்பு டீச்சருக்கு ஒருமுறை கரு உண்டாகிக் கலைந்துபோனது. வெளியே தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதால் யாருக்கும் சொல்லவில்லை. கணவனுக்குத் தெரியும். அவன் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான், அவனுக்குத் தாங்காது. அண்ணியிடம் டீச்சர் தானாகவே வந்து சொன்னாள். கடையை மூடும்வரை காத்திருந்து, விளக்கெல்லாம் அணைத்த பிறகு, சோதனை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். பிறகும் பல சாயங்காலங்கள் வந்தாள். பேசுவாள், போவாள்.

அப்புறம் இந்தக் கர்ப்பம். குடும்பம் மொத்தமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோது தம்பி நல்ல செய்தியைச் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணிக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"இந்தத் தடவையாவது நல்லபடியா தங்கணும்" என்றாள். சத்தமாக.

"எந்தத் தடவை?" என்று கேட்டார் அண்ணியின் அம்மா.

டீச்சர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

(இங்கே அண்ணியைக் காப்பாற்ற ஒரு வரி எழுதினேன்: ‘அன்பில் வாய் தவறிவிட்டது.’ அடித்துவிட்டேன். அன்பில்தான் தவறியது. அதனால் என்ன?)

5.

கதவு திறந்தது. "வாங்க" இல்லை. டீச்சர் பெட்டியையும் ஒயர்களையும் நீட்டிவிட்டுத் திரும்பி நின்றாள். சட்டையை மேலே தூக்கிக்கொண்டாள்.

"முதல்ல ஈரமில்லாம துடைங்க. வியர்வை இருந்தா ஒட்டாது. மேல ரெண்டு, உள்ளாடைப் பட்டை வர்ற இடத்துல. தண்டு மேல வேண்டாம், ரெண்டு பக்கமும். கீழ ரெண்டு, இடுப்புக்குக் கீழே. கோணலாப் போகக் கூடாது."

ஆறு மாதத்தில் டீச்சர் அவளிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

நாள் முழுக்க அடுத்தவர் கண்களைப் பார்த்தே பிழைக்கிறவளுக்கு அன்று கிடைத்தது முதுகு மட்டும். இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம். எலாஸ்டிக் அழுந்திய தடம். அண்ணி துண்டால் ஒற்றி எடுத்து, பேட் ஒவ்வொன்றாக ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். பேசாமல் இருப்பவளின் முதுகைத் தொடுவது பேசுவதைவிடக் கஷ்டம் என்று என்னிடம் சொன்னாள்.

பெட்டியின் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் துடிப்பை ஒவ்வொரு படியாக ஏற்றியபோது அவளுக்குத் தெரியாமலே வாயில் தொழில் வந்துவிட்டது.

"இப்ப நல்லா இருக்கா... இல்ல, இப்பவா?"

"நான் என்ன எழுத்தா படிக்கறேன்?" என்றாள் டீச்சர்.

சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்புக்கு அடுத்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

6.

வலியை எழுத வேண்டும்.

"அலை அலையாக—" (எல்லோரும் எழுதியாயிற்று.)

"இடுப்பைச் சுற்றி யாரோ முறுக்கி—" (யாரோ என்றால் யார்?)

"உலகத்து வலிகளிலேயே—" (நான் பல் பிடுங்கிக்கொண்டதோடு சரி.)

ஆகவே அண்ணி கண்டதை மட்டும் எழுதுகிறேன். டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்து, சுவரைப் பார்த்து, முன்னால் சாய்ந்து நின்றாள். முகம் தெரியவில்லை. வலி வரும்போது தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. கட்டைவிரல் பொத்தானை அமுக்கியது. வலி இறங்கும்போது தோள்களும் இறங்கின. போகப் போக வியர்த்தது. கீழே ஒட்டிய பேட் ஒன்றின் ஓரம் கிளம்பியது. அண்ணி அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பொத்தான் அமுங்கியதும் பேடுக்கு அடியில் தசை துள்ளுவது கைக்குத் தெரிந்தது. டீச்சர் வாய் திறந்து சொல்லாததைக் கை தெரிந்துகொண்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். வலி இன்னும் நெருங்கி வரட்டும், அப்புறம் வாருங்கள் என்றார்கள்.

7.

"டீச்சர், அன்னிக்கு நான்—"

"இப்ப வேண்டாம்." தோள்கள் ஏறின. பொத்தான். கையின் கீழே தசை துள்ளியது. அடங்கியது. "ம், சொல்லுங்க."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான்—"

தோள்கள் ஏறின.

அண்ணி காத்திருந்தாள். "அன்னிக்கு—"

"எத்தனை தடவைதான் ‘அன்னிக்கு’ன்னே ஆரம்பிப்பீங்க? நடுவுல இருந்து சொல்லுங்க. நேரமில்லை."

"தப்பு பண்ணிட்டேன்."

டீச்சர் மூச்சு வாங்கினாள். பிறகு சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"எல்லாருக்கும் தெரிஞ்சதுகூடப் பரவாயில்லை அண்ணி. அந்தக் குழந்தையைப் பத்திப் பேச எனக்கு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. நீங்க அப்படிப் பண்ணினதும் பேச ஆளே இல்லாமப் போச்சு. வயித்துல ஒண்ணை வச்சுக்கிட்டு, இல்லாத ஒண்ணை நினைச்சுக்கிட்டு, இத்தனை நாளும் தனியாவே கிடந்தேன்."

அண்ணி இதை எதிர்பார்க்கவில்லை. அவமானப்படுத்திவிட்டோம் என்றுதான் ஆறு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியை ஊமையாக்கிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கண் நிறைந்து முதுகு மங்கலாகிவிட்டது. பேட் மேலிருந்த கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுவியா?"

"ம்" என்றாள் டீச்சர்.

அண்ணி பார்த்தபோது தோள்கள் ஏறியிருந்தன.

8.

கண்ணாடிக் கடையில் அண்ணி என்னிடம் கேட்டது இதைத்தான். அந்த ‘ம்’ பதிலா, முனகலா?

இந்த ஒற்றை எழுத்து நம்மைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. சரி என்பதற்கும் அதுதான், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் அதுதான், மேலே சொல் என்பதற்கும் அதுதான், தாங்க முடியவில்லை என்பதற்கும் அதுதான். கை பேட் மேல் இருந்திருந்தால் பொத்தான் முந்தியதா, ‘ம்’ முந்தியதா என்று தெரிந்திருக்கும்.

"கண்ணைத் துடைக்க எடுத்துட்டேன் சார். அந்த ஒரு நிமிஷம்தான் எடுத்தேன்."

அதற்குப் பிறகு பேச இடைவெளியே கிடைக்கவில்லை. வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெந்நீர் ஷவரில் நின்றால் இதமாக இருக்கும் என்றார் நர்ஸ். தண்ணீரில் மெஷின் கூடாது. அண்ணி அதை அணைத்து, நான்கு பேடையும் உரித்தாள். முதுகில் சிவப்பாக நான்கு சதுரங்கள். "அங்கேயே கையை வைங்க" என்றாள் டீச்சர். அண்ணி புடவையோடு நனைந்தபடி வைத்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. தம்பி தோளில் பையோடு ஓடிவந்தபோது குழந்தை அண்ணியின் மடியில் இருந்தது.

"டீச்சர்தான் சார் சொன்னா, அண்ணிகிட்ட குடுங்கன்னு."

"அப்புறம் என்ன? அதுதானே பதில்!" என்றேன்.

"வேற யாரு சார் இருந்தாங்க அங்க?"

9.

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் ‘ம்’ மன்னிப்பு. குழந்தை அண்ணியின் விரலைப் பிடித்துக்கொள்கிறது. (குழந்தைகள் எல்லார் விரலையும் பிடிக்கும்.) இன்னொன்றில் ‘ம்’ வெறும் வலி, அண்ணி ஆயுளுக்கும் தெரியாமலே இருக்கிறாள். (இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே உறுத்தியது.)

அப்போதுதான் இன்னொன்று தலையில் இடித்தது. டீச்சர் ஒரே ஒருத்தியை நம்பிச் சொன்ன விஷயத்தை, அண்ணி முன்பின் தெரியாத என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் அதை உங்களிடம் சொல்லப்போகிறேன். சாப்பாட்டு மேசை இன்னும் நீளமாகிறது, அவ்வளவுதான்.

கண்ணாடியை வாங்கப் போனபோது இதை அண்ணியிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ. மறுபடியும் அதையே பண்ணிட்டேனா?"

"எழுதினதைக் கிழிச்சுப் போட்டுடறேன். அவங்களுக்குத் தெரியப்போறதில்லை."

அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"வேண்டாம்" என்றாள். "இந்தத் தடவை நானே போய்ச் சொல்லிடறேன்."

சில நாள் கழித்துப் போன் வந்தது.

"சொல்லிட்டேன் சார். உங்ககிட்ட வாய் விட்டது, நீங்க எழுதிக்கிட்டிருக்கறது, எல்லாத்தையும்."

"கோபப்பட்டாங்களா?"

"பின்னே? குழந்தையைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயிட்டா. நான் செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்பலாமா வேண்டாமான்னு வாசல்லயே நின்னேன். அப்புறம் வந்தா. ‘எழுதட்டும், பேர் மட்டும் வேண்டாம்’னா. ‘அந்தக் குழந்தையும் எங்கேயாவது இருந்துட்டுப் போகட்டும்’னா. அதுக்கப்புறம் உக்காந்து பேசினோம்."

"எதைப் பத்தி?"

"அதை உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கதைக்காரப் புத்தி சும்மா இருக்குமா?

"அந்த ‘ம்’ என்னன்னு கேட்டீங்களா?"

"இல்லை."

"ஏன்? பக்கத்துலதானே இருந்தாங்க?"

"கேட்டா பதில் சொல்லிடுவாளே சார்" என்றாள் அண்ணி.

நானும் கேட்கப்போவதில்லை. எழுதி வைத்திருந்த இரண்டு முடிவையும் எடுத்துவிட்டேன். உங்களுக்கு ஒன்று வேண்டுமென்றால், உங்களிடம் யாராவது கடைசியாகச் சொன்ன ‘ம்’மை எடுத்து இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.