பெயருக்கு விட்ட இடம்

1
மூன்று மாதம் தபாலில் சேராத ஓர் அட்டையிலிருந்து இந்தக் கதை வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் உத்தி என்பீர்கள்.

'மழை பெய்துகொண்டி' (அன்று மழை இல்லை.)

'குஞ்சம்மாளுக்குப் பாட்டென்றால் உயி' (எல்லார் மனைவிக்கும் இதையே எழுதுகிறார்கள்.)

சரி, இப்படி: 1981 தை மாதம், உடையார்பாளையத்தில், குஞ்சம்மாள் ரேடியோவுக்கு நேயர் விருப்பம் எழுதினாள். தன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு, அட்டையைக் கணவன் அரியமுத்துவிடம் நீட்டினாள்.

"உங்க பேர நீங்களே எழுதி, போட்டுருங்க."

"எட்டாவது படிச்சவளுக்கு ஆறெழுத்து வராதா?"

"வரும். புருசன் பேரச் சொல்லக்கூடாதுன்னா, எழுத மட்டும் எழுதலாமா?"

2
அவள் கேட்டது, போன காலத்தை எண்ணி ஒருவன் புலம்பும் பாட்டு. (வரிகளைத் தரமாட்டேன். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.) அரியமுத்து பி.ஏ. சிரித்தான்.

"நாளெல்லாம் போச்சேன்னு அழுவுறானே, போறப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தானாம்?"

"உங்களாட்டம் பேப்பர் படிச்சிக்கிட்டிருந்திருப்பான்."

அரியலூர் ஸ்டேஷன் பெட்டியில் போடுவதாக வாங்கிப்போனான். மறந்தான். சாயங்காலம் கேட்டபோது, போட்டாச்சு என்றான். அதன்பின் ஞாயிறுதோறும் அவள் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டாள். சித்திரையில் மஞ்சள்காமாலையில்* போய்விட்டாள்.

* ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. பதினொரு நாள் ஆனது.

3
[அவன் அழுதான் என்று எழுதி அடித்துவிட்டேன். அழவில்லை. எனக்குத் தெரியும்.]

கருமாதி முடிந்த மறுவாரம் மாமியார் ஆண்டாயி அவன் ஆபீஸ் பையில் அட்டையைப் பார்த்தாள். என்னவென்று கேட்டாள். சொன்னான்.

"மூணு மாசமா ரேடியோகிட்டயே குந்தியிருந்தாளே, மாப்ள."

அவன் அட்டையை வாங்கி, பெயருக்கு விட்ட இடத்தைப் பார்த்தான்.

"எழுதிக் குடுங்க. நானே போயிப் போட்டுட்டு வரேன்."

"அவ உசுரோட இருக்கான்னு நெனச்சிப் படிப்பாங்க, அத்தை."

"நெனைக்கட்டுமே. ஒரு நாளு நெனைக்கட்டுமே."

4
முடிவு ஒன்று: ரேடியோவில் பெயர் வருகிறது, தெருவே அழுகிறது. (சினிமாவுக்குக் கொடுத்துவிடலாம்.)

முடிவு இரண்டு: கிழித்துப் போடுகிறான். (மாமியார் முன்னால் அந்தத் தைரியம் அவனுக்கு இல்லை.)

ஆண்டாயி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இடம் காலியாக இருந்தாலும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். மகள் பெயரைத் தனியாக வாசிப்பார்கள். எழுதினால், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பதாக முகம் தெரியாதவர்கள் நம்புவார்கள்.

"பஸ்ஸு வந்துருச்சு, மாப்ள."

அவன் பேனாவைத் திறந்துவிட்டான். இதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. எழுதினானா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.